எவர்சில்வரும் உப்புத் தண்ணீரும்

நம் பேச்சு சமையலறை எவர்சில்வரைப் பற்றியது. தட்டு, தம்ளர், குடம், அண்டா என்று வீட்டுக்குள் வந்த இந்த உலோகம், இன்றைக்குச் சிங்க், அடுப்பின் மேல்தகடு, கிரைண்டர் தொட்டி, மிக்சி ஜார், குக்கர், பிரிட்ஜ் கதவு, புகைபோக்கியின் வடிகட்டி என்று சமையலறையில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்கி விசாரிக்கிறோம். வாங்கி வந்த பிறகு பேணுவது என்றால் நமக்குத் தெரிந்தது அழுத்தித் தேய்ப்பது ஒன்றுதான். மங்கினால் தேய்க்கிறோம், கறுத்தால் இன்னும் பலமாகத் தேய்க்கிறோம், பழுப்புப் புள்ளி விழுந்தால் ஆசிட்டை ஊற்றித் தேய்க்கிறோம். இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம். எவர்சில்வரின் முதல் எதிரி, அதன்மேல் தேங்கி நின்று காய்கிற உப்புத் தண்ணீர். அதை நல்ல தண்ணீரில் அலசி, வடித்து, துடைத்துவிட்டால் பராமரிப்பில் முக்கால் பங்கு முடிந்தது. மிச்சமுள்ள கால் பங்கிலும் கை பலத்துக்கு அதிக வேலை கிடையாது.

இந்த உலோகம் ஏன் துருப்பிடிப்பதில்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அது தெரியாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் வீட்டுக் குறிப்புகளாக நின்றுவிடும். எவர்சில்வரில் பெரும்பகுதி இரும்புதான். தோசைக்கல்லில் இருக்கிற அதே இரும்பு. அதோடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேரும்போது குணம் மாறிவிடுகிறது. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து, மேற்பரப்பு முழுவதும் ஓர் ஆக்சைடு படலமாகப் படர்கிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்தான், அதாவது தலைமுடியின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம்தான் உள்ளே இருக்கும் இரும்பையும் வெளியே இருக்கும் ஈரத்தையும் பிரித்துவைக்கிறது. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் வெளிப்படும் குரோமியம் மறுபடியும் ஆக்சிஜனைப் பிடித்து, தோலில் பட்ட சிராய்ப்பு மூடிக்கொள்வதைப்போலத் தன்னைத்தானே மூடிக்கொள்ளும். பெயின்ட், முலாம், ஈயப்பூச்சு எதற்கும் இந்தத் திறமை கிடையாது. இதற்கு வேண்டியதெல்லாம் சுத்தமான பரப்பும் அதன்மேல் படும் காற்றும்தான்.

இது ஒருவர் ஒரே நாளில் கண்டுபிடித்த பொருளும் இல்லை. பிரான்சில் பியர் பெர்த்தியே 1821-லேயே குரோமியம் சேர்ந்த இரும்பு அமிலங்களைத் தாங்குவதைக் கவனித்திருந்தார். ஜெர்மனியின் குருப் நிறுவனத்தில் எடுவார்ட் மௌரரும் பென்னோ ஸ்ட்ராவுஸும் உருவாக்கிய நிக்கல் கலந்த வகைக்கு 1912-ல் காப்புரிமை கோரப்பட்டது. மறு வருஷம், 1913-ல், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல்கள் சீக்கிரம் தேய்ந்துபோவதற்கு மாற்றுத் தேடிக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 12.8 சதவீதம் குரோமியம் கலந்த எஃகை வார்த்தார். உள்ளமைப்பைப் பார்ப்பதற்காக அமிலத்தால் அரிக்கப் பார்த்தால் அது அரிபட மறுத்தது. வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூட அதில் கறை படியவைக்கவில்லை. துப்பாக்கிக்குத் தேடிய எஃகு கடைசியில் சாப்பாட்டு மேசைக் கத்திக்குப் போய்ச் சேர்ந்தது. புளிப்பை இந்த உலோகம் தாங்கும் என்பது அந்த முதல் சோதனையிலேயே தெரிந்துபோன சங்கதி. ஆகவே ரசம் வைத்தால் கெட்டுவிடுமோ, புளி பட்டால் அரித்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது உப்புக்கு.

உப்பிலுள்ள குளோரைடுதான் படலத்தைத் துளைக்கிறது. சாப்பாட்டு உப்பின் எடையில் சுமார் 60 சதவீதம் குளோரைடு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் உண்டு. நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1000 வரை அனுமதிக்கிறது. இது மனிதர் குடிப்பதற்கான வரம்பு. எவர்சில்வருக்கோ, 304 என்று விற்கப்படும் நல்ல தரத்துக்கே, சாதாரண வெப்பநிலையில் 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை என்பது பொறியாளர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் கணக்கு. மாலிப்டினம் சேர்ந்த 316 வகை ஆயிரம்வரை தாங்கும். ஆக, குடிக்கத் தகுந்தது என்று சான்று பெற்ற போர் தண்ணீரே எவர்சில்வருக்குக் கொஞ்சம் உப்புக் கூடின தண்ணீராக இருக்க முடியும். மீஞ்சூர்ப் பக்கம்போலக் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே புகுந்துவிட்ட ஊர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சிங்கின் தரையில் நிற்கும் ஒரே ஒரு துளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குளோரைடு லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்ற கணக்கில் இருக்கிறது. துளி காயக் காயத் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகிறது, உப்பு போவதில்லை. துளி பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது அந்தச் செறிவு 3000 ஆகிவிடும். நூறில் ஒரு பங்காகும்போது 30,000, அதாவது கடல்நீரைத் தாண்டிவிட்டது. இதற்குள் துளியின் விளிம்பில் சுண்ணாம்பு வெள்ளை வளையமாகப் படிந்திருக்கும். அந்த வளையத்தின் அடியில் ஈரம் பதுங்குகிறது, காற்று போய்ச் சேர்வதில்லை. காற்றில்லாமல் படலம் தன்னை மூடிக்கொள்ள முடியாது. குளோரைடு படலத்தைத் துளைத்த இடத்தில் ஊசிமுனை அளவுக் குழி விழுகிறது. குழிக்குள்ளே அமிலத்தன்மை கூடி, அது மேலும் குளோரைடை உள்ளே இழுத்துக்கொள்ள, குழி அகலமாகாமல் ஆழமாகிக்கொண்டே போகிறது. வெளியே நமக்குத் தெரிவது மிளகில் பாதிகூட இல்லாத ஒரு பழுப்புப் புள்ளி. ஒரு துளியால் ஒரே இரவில் இவ்வளவும் நடந்துவிடாது. ஆனால் அதே இடத்தில் தினமும் ஒரு துளி நின்று காய்ந்தால், வருஷக்கணக்கில் நடப்பது இதுதான்.

பழுதுக்குக் காரணம் தேய்க்காமல் விட்ட அழுக்குதான், உப்பு அல்ல என்று வாதிடுவோர் கடலோரக் குடியிருப்புகளின் மாடிக் கைப்பிடிகளைப் பார்க்கலாம். எவர்சில்வர்க் குழாயால் ஆனவை, யாரும் தேய்க்காதவை, யாரும் சமைக்காதவை. கடற்காற்று கொண்டுவந்து சேர்க்கும் உப்பால் அவற்றில் பழுப்புக் கறை படர்கிறது. அந்தக் கறை எங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மழை நேராக விழுந்து அலசும் பக்கம் பெரும்பாலும் பளிச்சென்றே இருக்கும். மழை படாத அடிப்பக்கமும் கூரைக்கு உள்ளடங்கிய பகுதியும்தான் பழுப்பேறும். காற்றும் உலோகமும் இரண்டுக்கும் ஒன்று. முக்கிய வித்தியாசம் நல்ல தண்ணீர் அலசியதா இல்லையா என்பதே. தேய்ப்புக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

இதை வைத்துக்கொண்டு சமையலறையைப் பார்த்தால், பழுது எங்கே தொடங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஈரமான ஸ்க்ரப்பரைச் சிங்கின் மூலையில் வைத்துவிட்டுப் போகிறோமே, அதன் அடியில். கீறல் விழக்கூடாது என்று விரிக்கும் ரப்பர் பாயின் அடியில், சல்லடை மூடியின் வளையத்தைச் சுற்றி, குழாயடி வாஷரின் ஓரத்தில். எங்கெல்லாம் ஈரம் நிற்குமோ, காற்று போகாதோ, அங்கெல்லாம். ரப்பர் பாய் போட்டிருப்பவர்கள் இரவில் அதைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாலே பாதித் தொல்லை தீரும். பாத்திரத்துக்குள் பார்த்தால், குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அடுப்பில் ஏற்றும் பழக்கம் ஒன்று இருக்கிறது. கரையாத உப்பு அடியில் உட்கார்ந்துகொண்டு, அந்த இடத்தில் மட்டும் செறிவான உப்புக்கரைசலைச் சூட்டோடு வைத்திருக்கிறது. சூடு ஏறினால் குளோரைடின் வேகமும் ஏறும். கொதி வந்த பிறகு உப்பைப் போட்டுக் கிளறிவிட்டால் அடியில் வெள்ளைப் புள்ளிகள் விழாது. மிஞ்சின குழம்பை ராத்திரி முழுக்க அதே பாத்திரத்தில் விடுவதும், ஊறுகாயை எவர்சில்வர் டப்பாவில் மாதக்கணக்கில் வைப்பதும் இதே கணக்கில்தான் சேரும். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி என்று முன்னோர் வைத்த ஏற்பாடு எவர்சில்வர் காலத்திலும் சரியான ஏற்பாடே.

அப்படியானால் தேய்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? பித்தளையிலிருந்து வந்தது என்பது என் முடிவு. சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கத்தில் எவர்சில்வர்த் தகடு உருட்டத் தொடங்குவதற்கு முன்பே இந்தப் பாத்திரங்கள் நம் வீடுகளுக்கு வந்துவிட்டன. ஆனால் துலக்கும் முறை பித்தளைக் காலத்ததாகவே தங்கிவிட்டது. பித்தளை காற்றுப் பட்டால் கறுக்கும். அந்தக் கறுப்பும் ஓர் ஆக்சைடு படலம்தான். அதைப் புளியால் கரைத்து, சாம்பலால் தேய்த்து எடுத்தால்தான் மஞ்சள் பளபளப்பு வெளியே வரும். ஆகவே பித்தளைக்குத் தேய்ப்பது அவசியம். எவர்சில்வரில் கதை தலைகீழ்: அதன் ஆக்சைடுதான் அதன் காவல். அங்கே உரித்தெடுக்க வேண்டிய படலம் எதுவும் இல்லை. மேலே ஒட்டியிருக்கும் பிசுக்கையும் உப்பையும் எடுத்தால் போதும். பித்தளைக்குப் பழகிய கையோடு புளியும் உப்பும் கலந்து எவர்சில்வரைத் தேய்க்கும்போது, புளி செய்கிற கொஞ்ச நன்மையையும் உப்பு கெடுத்துவிடுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். பாட்டிமார் சாம்பலையும் தேங்காய் நாரையும் வைத்து நாளெல்லாம் தேய்த்தார்களே, அந்தக் காலத்துத் தூக்குச்சட்டி இன்றும் கல்லுமாதிரி இருக்கிறதே என்பார்கள். நியாயமான கேள்விதான். முதலாவது, அந்தப் பாத்திரங்கள் பலவும் கனத்த தகட்டால் ஆனவை. இரண்டாவது, எதனால் தேய்த்தார்கள் என்று பார்க்க வேண்டும். எவர்சில்வரின் கடினம், கனிமங்களை அளக்கும் மோஸ் அளவுகோலில் ஏறத்தாழ 5.5 முதல் 6 வரை. தேங்காய் நார் அதைவிட மிக மென்மையானது. அதனால் உலோகத்தைக் கீற முடியாது. விறகுச் சாம்பலில் இருப்பது பெரும்பாலும் காரம். அது எண்ணெயோடு சேர்ந்து சோப்பாக மாறிப் பிசுக்கைக் கழற்றும். ஆக, பாட்டி செய்தது பார்வைக்குத் தேய்ப்பாக இருந்தாலும் வேலையில் பெரும்பங்கைச் செய்தது காரம்தான். கையோடு நாலு வாளித் தண்ணீர் ஊற்றி அலசி, வெயிலில் கவிழ்த்தும் வைத்தார்கள். நாமோ அந்த அலசலையும் வெயிலையும் விட்டுவிட்டு, தேய்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம். நாருக்குப் பதில் கம்பி நார் வந்தது. மணலும் செங்கல் பொடியும் பாட்டி காலத்திலும் கீறத்தான் செய்தன, ஏனென்றால் மணலின் கடினம் 7. இன்றைய பச்சை ஸ்க்ரப்பரில் பூசியிருக்கும் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் அதையும்விடக் கடினமானவை.

கீறினால்தான் என்ன, படலம் தானே மூடிக்கொள்ளுமே என்று கேட்கலாம். நானே அப்படிச் சொன்னேன், அது உண்மையும்கூட. ஒரு கீறலால் எவர்சில்வர் துருப்பிடித்துவிடாது. ஆனால் ஆயிரம் கீறல் சேர்ந்த பரப்பு சொரசொரப்பானது. அந்தச் சொரசொரப்பின் பள்ளங்களில் எண்ணெய் தங்கும், உப்பு தங்கும், ஈரம் தங்கும். கிருமிக்கும் இடம் கிடைக்கும். பாலும் உணவும் படும் இயந்திரங்களின் எவர்சில்வர்ப் பரப்பு சராசரியாக 0.8 மைக்ரோமீட்டருக்கு மேல் சொரசொரப்பாக இருக்கக்கூடாது என்று உணவுத் தொழிலின் சுகாதாரத் தரவிதிகள் வரம்பு வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். பளபளவென்று தெரியட்டும் என்று நாம் தேய்க்கத் தேய்க்க, அடுத்த தடவை சுத்தம் செய்வது கடினமாகிக்கொண்டே போகிறது. சாதாரண இரும்பால் ஆன கம்பி நாரில் இன்னொரு தொல்லையும் உண்டு: அதன் துணுக்குகள் உடைந்து கீறலுக்குள் பதிந்து, மறுநாள் அவையே துருப்பிடிக்கும். பாத்திரம் துருப்பிடித்துவிட்டது என்று நாம் கடைக்காரரைக் குறைசொல்வோம்.

அடிப்பிடித்த பால் பாத்திரத்தைத் தேய்க்காமல் எப்படிச் சுத்தம் செய்வது? இதற்கு ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்து வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959-ல் வகுத்த ஒரு கணக்கு உதவும். எந்தச் சுத்திகரிப்பும் நான்கு காரணிகளின் கூட்டு என்றார் அவர்: மருந்து, சூடு, கை வேலை, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றில் ஒன்றைக் கூட்டி ஈடுகட்டலாம். தொழிற்சாலைகளும் சலவைக்கூடங்களும் இன்றும் இதைப் பின்பற்றுகின்றன. நம் சமையலறையில் கை வேலையே முழுச்சுமையையும் தூக்குகிறது. நேரத்துக்கு ஒரு பங்கும் தருவதில்லை. தீய்ந்த பாத்திரத்தில் தீய்ந்த பகுதி மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு, பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, ஆறும்வரை அப்படியே வைத்துப் பாருங்கள். கருகின ஏடு ஓரத்திலிருந்து சுருண்டு கிளம்பும். மரக்கரண்டியால் தள்ளினால் பட்டை பட்டையாக வந்துவிடும். அடுப்புத் தகட்டில் எண்ணெய் தெறித்துச் சூட்டில் இறுகிப் பழுப்பு வார்னிஷ்போல ஒட்டிக்கொண்ட கறைக்கும் இதே சோடாவைக் குழைத்துத் தடவி, ஈரத்துணியால் மூடி, அரைமணி நேரம் விட்டால் போதும். சோடாவின் துகள் எவர்சில்வரைவிட மிக மென்மையானது, கீறாது. புகைபோக்கியின் எவர்சில்வர் வடிகட்டியைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் ஊறவைத்தால், மாதக்கணக்கில் சேர்ந்த பிசுக்கு கரைந்து மிதக்கும். வடிகட்டி அலுமினியமாக இருந்தால் இந்த முறை வேண்டாம். காரம் அலுமினியத்தைக் கறுக்கவைத்துவிடும்.

காரம் எண்ணெய்க்கு என்றால் அமிலம் உப்புப் பூத்ததற்கு. குழாயடியிலும் குடத்தின் கழுத்திலும் காணும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வினிகரோ எலுமிச்சைச் சாறோ நனைத்த துணியைப் பத்து நிமிஷம் போர்த்திவைத்தால் நுரைத்துக் கரைந்துவிடும். பிறகு கட்டாயம் அலச வேண்டும். காபி பில்டரின் அடித்துளைகள் அடைபட்டு டிகாக்‌ஷன் சொட்டு சொட்டாக இறங்குவதற்கு, காபி எண்ணெய், சிக்கரிப் பிசின், தண்ணீரின் சுண்ணாம்பு மூன்றும் காரணமாக இருக்கும். ஆகவே முதலில் சோடா போட்ட கொதிநீர், அடுத்து எலுமிச்சை கலந்த வெந்நீர் என்று இரண்டு சுற்று வேண்டும். ஊசியால் குத்தித் துளையைப் பெரிதாக்கக்கூடாது. காலிப் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் நீலமும் பொன்னிறமுமாக வானவில் வண்ணம் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை. சூட்டால் ஆக்சைடு படலம் தடித்துப்போனதால் ஒளி அப்படிப் பிரிகிறது. கொஞ்சம் வினிகர் அதையும் எடுத்துவிடும்.

கடையில் ஆசிட் என்று விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. பெயரிலேயே குளோரைடு இருக்கிறது. கழிவறைக்கும் டைல்ஸுக்கும் வைத்திருக்கும் அந்தப் புட்டியைச் சிங்கின் அடியில் வைத்தால், மூடியின் இடுக்கு வழியே கசியும் ஆவியே போதும், சிங்கின் அடிப்பக்கத்தைப் பழுப்பாக்கிவிடும். வேறு இடத்தில் வையுங்கள். பிளீச் விஷயம் இவ்வளவு எளிதல்ல. கிருமி சாக வேண்டாமா என்று கேட்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. உணவுத் தொழிற்சாலைகளே எவர்சில்வரில் பிளீச்சைப் பயன்படுத்துகின்றன. ஆனால் அவர்கள் பயன்படுத்தும் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின்போல் குறைந்தது, நேரம் சில நிமிஷம். வீட்டுப் பிளீச் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி, அதாவது ஒரு சின்ன டீஸ்பூனுக்கும் குறைவு, அந்த அளவைத் தந்துவிடும். நாமோ சிங்கில் நேராக ஊற்றி ராத்திரி முழுக்க விடுகிறோம். முதலில் சோப்பால் கழுவி, நீர்த்த பிளீச்சைச் சில நிமிஷம் மட்டும் படவிட்டு, அலசித் துடைத்தால் கிருமியும் சாகும், சிங்கும் பிழைக்கும். ஒரு எச்சரிக்கை உண்டு, இதை மறக்கவே கூடாது: பிளீச்சையும் ஆசிட்டையும், வினிகர் உட்பட, எந்தக் காரணம் கொண்டும் கலக்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைப் பாழாக்கும்.

பிரிட்ஜ் கதவுக்கு இவற்றில் பல பொருந்தாது. எவர்சில்வர்போலத் தெரியும் கதவுகளில் பல, மேலே மெல்லிய பூச்சோ ஒட்டுப்படலமோ உள்ள தகடுகள். கைரேகை தெரியாமல் இருப்பதற்காகப் பூசப்பட்டவையும் உண்டு. அங்கே நாம் துடைப்பது பூச்சை, உலோகத்தை அல்ல. அமிலமும் ஸ்க்ரப்பரும் பூச்சை உரித்துவிட்டால் திரும்ப வராது. சோப்பு ஒரு சொட்டு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய துணியைப் பிழிந்து, தகட்டில் கோடுகள் ஓடும் திசையிலேயே துடைத்து, வேறொரு உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்தால் போதும். தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும் என்ற யோசனை பரவலாக இருக்கிறது. பளபளக்கும்தான், கைரேகையும் அன்றைக்கு மறையும். பிறகு அந்த எண்ணெயில் தூசி ஒட்டி, ஒரே வாரத்தில் முன்னைவிட அழுக்காகத் தெரியும். சமையலறைக் காற்றில் ஏற்கெனவே போதுமான எண்ணெய் இருக்கிறது.

கடையில் காந்தத்தை வைத்துப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல் என்று நம்புகிறோம். 430 என்ற வகையில் 16 முதல் 18 சதவீதம்வரை குரோமியம் உண்டு, நிக்கல் இல்லை. காந்தம் நன்றாக ஒட்டும், அதுவும் முறையான எவர்சில்வரே. இன்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யும் பாத்திரத்தின் அடித்தகட்டில் காந்தம் ஒட்டியே ஆக வேண்டும். மறுபக்கம், விலையுயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 200 வரிசை வகைகள் நம் சந்தையில் ஏராளம். அவற்றில் காந்தம் ஒட்டாது. ஆனால் உப்பைத் தாங்கும் சக்தி 304-ஐவிடக் குறைவு. காந்தச் சோதனையில் தேறியது உப்புத் தண்ணீரில் முதலில் தோற்கும். உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று தெரியாதபோது, தாங்கும் சக்தி குறைந்ததாகவே வைத்துக்கொண்டு அலசித் துடைப்பதுதான் பத்திரம். கத்திகளும் இந்தப் பட்டியலில்தான் சேரும். கூர் நிற்பதற்காகக் கரிமத்தைக் கூட்டி, குரோமியத்தை 13 சதவீத அளவில் வைத்த கத்தியில் தட்டைவிடச் சீக்கிரம் புள்ளி விழும். அதைச் சிங்கில் ஊறப்போடாமல் உடனே கழுவித் துடைக்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, யாருக்கு இருக்கிறது துடைக்க நேரம் என்று ஒரு குரல் எழும். எல்லா மறுப்பிலும் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்; ஏனென்றால் அதைக் கேட்பவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பார், வீட்டுக்காரியாகவோ வேலைக்கு வருபவராகவோ. பாத்திரம் துலக்கும் வேலையின் வலி எல்லாம் தோளிலும் மணிக்கட்டிலும் விரலிடுக்கிலும்தான் சேர்கிறது. அழுத்தித் தேய்ப்பதும், காரமான பொடியும், ஆசிட்டும்தான் அந்த வலிக்குக் காரணம். நான் சொல்லும் முறை கூடுதல் வேலை கேட்கவில்லை. வேலையை இடம் மாற்றுகிறது. சாப்பிட்ட கையோடு தட்டில் தண்ணீர் விட்டு வைப்பதைச் சாப்பிட்டவரே செய்யலாம். அடிப்பிடித்த பாத்திரத்தில் சோடாத் தண்ணீரைக் கொதிக்கவைப்பதைச் சமைத்தவர் செய்யலாம். அப்படிச் செய்தால் காலையில் வேலைக்கு வரும் அம்மாவின் முன்னால் காய்ந்து இறுகிய பாத்திரக் குவியல் இருக்காது. எல்லாப் பாத்திரத்தையும் துடைக்க வேண்டும் என்பதும் இல்லை. தட்டு, தம்ளரைச் சரித்துக் கவிழ்த்துக் காற்றுப் படவைத்தால் தண்ணீர் வடிந்து தானே உலர்ந்துவிடும். கையால் துடைத்தாக வேண்டியவை சரிக்க முடியாதவைதான்: சிங்க், அடுப்புத் தகடு, கிரைண்டர் தொட்டி. மூன்றுக்கும் சேர்த்து ஒரு பழைய வேட்டித் துண்டும் இரண்டு நிமிஷமும் போதும். போர் தண்ணீர் மிக உப்பாக இருக்கும் வீடுகளில், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குவளை நல்ல தண்ணீரை ஒதுக்கலாம்.

ஏற்கெனவே பழுப்புப் புள்ளி விழுந்துவிட்ட பாத்திரங்களைப் பற்றியும் கேட்பீர்கள். முதலில் எந்தத் துரு என்று பார்க்க வேண்டும். ஈரமான தோசைக்கல்லையோ அரிவாள்மனையையோ சிங்கில் வைத்துவிட்டுப் போனதால் ஒட்டிய துரு, எவர்சில்வருடையதல்ல. எலுமிச்சைச் சாறில் சோடாவைக் குழைத்துத் துணியால் மெல்லத் தேய்த்தால் வந்துவிடும், அடியில் பரப்பு வழவழப்பாக இருக்கும். தேய்த்த பிறகும் ஊசிமுனையை ஓட்டினால் எங்காவது இடறுகிறது என்றால் அது குழி. குழியை எந்தப் பொடியும் நிரப்பாது. பாத்திரத்தைத் தூக்கிப்போடவும் வேண்டியதில்லை. குழம்புக்கும் உப்புத் தண்ணீருக்கும் அதை எடுக்காமல், நன்றாகக் காயவைத்து அரிசிக்கோ பருப்புக்கோ மிளகாய் வற்றலுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டையே விழுந்துவிட்டால் பழைய பாத்திரக் கடையில் கொடுங்கள். அதிலுள்ள குரோமியமும் நிக்கலும் உருக்காலைக்குப் போய் மறுபடியும் தகடாக வந்துவிடும்.